வலது காலைப் பார்க்காமல் பாஸ் பண்ணாதவர்

ஆம்பூரில் எதையுமே முதல் பார்வையில் சரி என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஷூ கம்பெனி ஸ்டிக்கர் சார்தான். அவருடைய கல்யாணத்திலேயே தாலி முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் மேளத்தை நிறுத்த விட்டாராம். கம்பெனியில் அப்படித்தான் பேச்சு.

அவர் குவாலிட்டி செக்‌ஷன், நான் டிஸ்பாட்ச்; அவர் என்னைக் கூப்பிடுவதும் அந்தப் பேரில்தான். தைத்து வரும் ஷூவில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது அவர் வேலை. ஒட்டிப் பழகிய கை ஷூவோடு நிற்கவில்லை. கேன்டீன் இட்லியில் ஒட்டினார். மேனேஜரின் புதுக் காரில் ஒட்டினார். ஒரு நாள் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் முதுகில் ஓர் அம்புக்குறி, கீழ்நோக்கி. மறுநாள் போய்க் கேட்டேன்.

"பேன்ட்டு பின்னாடி தையல் விட்டிருந்துச்சு. வாய்ல சொன்னா நீ பேஜாராயிடுவ, அதான்" என்றார்.

அந்தக் கோலத்தில்தான் நான் வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. மகன் வாங்கிக் கொடுத்த ஜூம் கேமராவோடு ஞாயிறு காலைகளில் ஏரிக்கரைக்குப் போவார். பைக்கில் பின்னால் நான். திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் பிரின்ட் போட்ட படங்களைப் பரப்பி, அலகு, கண் வளையம், வால் நுனி என்று ஒவ்வொரு அடையாளத்தின் மேலும் அம்புக்குறி ஒட்டுவார். சில படங்களில் பறவையே தெரியாது, ஸ்டிக்கர்தான் தெரியும்.

மாவட்டத்துப் பறவை ஆர்வலர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இந்தப் பக்கம் யாருமே பார்க்காத பறவையைப் பார்த்தால், அதன் பெயரோடு பார்த்தவர் பெயரும் பட்டியலில் ஏறும். சாருக்கு அந்த இடம் வேண்டும். ஆயுசு முழுக்க அடுத்தவர் தைத்ததில் குறை கண்டவருக்குத் தன் பேரில் ஒன்று இருக்கட்டுமே என்று ஆசை. ஆனால் அவர் அனுப்பியதையெல்லாம் அட்மினான கல்லூரி மேடம் தள்ளிவிட்டார். அபூர்வக் கழுகு என்று அனுப்பியது பருந்துக் குஞ்சு. புது வகைக் கொக்கு என்று அனுப்பியது, சாயத் தண்ணீரில் நின்று கால் நிறம் மாறிய நம்ம ஊர்க் கொக்கு.

அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரைப் புங்கமரத்தில் அது உட்கார்ந்திருந்தது. மஞ்சள் உடம்பு, முகத்தில் ஆரஞ்சு, இறக்கை ஓரத்தில் பச்சை, கறுப்பான கிளி மூக்கு. இந்தியப் பறவைகள் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினார், இல்லை. இன்டர்நெட்டில் தேடி, ஒவ்வொரு அடையாளமாக ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். சன் கானூர் என்கிற கிளி.

"சவுத் அமெரிக்கா பறவ, டிஸ்பாட்ச்! ஆம்பூருக்கு வந்திருக்குது."

"பிரியாணிக்கு வந்திருக்கும் சார்."

அவர் சிரிக்கவில்லை. "புயல்ல அடிச்சிக்கினு வந்திருக்கலாம் இல்ல?"

மேடம் ஒரே வரியில் பதில் போட்டார். வீட்டில் வளர்த்துத் தப்பியதாக இருக்கும், காலில் வளையம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பட்டியலில் சேராது. சார் எடுத்த படங்களில் பறவையின் இடது பக்கம்தான் விழுந்திருந்தது. இடது காலில் வளையம் இல்லை. வலது கால் இலைக்குள் மறைந்திருந்தது.

மறுநாள் கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ். காணவில்லை. படத்தில் அதே மஞ்சள். பெயர் ஷெஹ்ஜாதி, வலது காலில் வளையம், கூப்பிட்டால் தோளில் வந்து உட்காரும். ஒட்டியிருந்தவர் பைக் மெக்கானிக் காதர் பாய்.

"சார், இதேதான். பாய்க்கு ஒரு போன் போடுங்க."

"வலது காலு நீ பாத்தியா?"

"அதையும் பாக்கணுமா சார்?"

"லெஃப்ட் ஷூவ மட்டும் பாத்துட்டு ஜோடிய பாஸ் பண்ணுவாங்களா இன்னா? ரூல்ஸ்னா ரூல்ஸ்."

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். அந்த வாரம் முழுக்க விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வந்தார். பறவையும் அவரைச் சோதிப்பதுபோல இடது பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதான் திரும்பி உட்கார்ந்தது. வளையம் பளிச்சென்று இருந்தது. அந்த நிமிஷமே பாய்க்குப் போன் போட்டார், எனக்கும் போட்டார்.

பாய் கூண்டோடு வந்து சேர்வதற்குள் காக்கைகள் அதைச் சூழ்ந்து விரட்டி, ஏரியைத் தாண்டி ஹைவே பக்கம் துரத்திவிட்டன. "ஷெஹ்ஜாதி, ஆஜா பேட்டி" என்று, மகளை வா என்பதுபோல உருதுவில் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டே பாய் மரம் மரமாகப் போனார். நாங்கள் பின்னாலேயே நடந்தோம். அது வரவில்லை.

"மொதல்ல எப்ப பாத்தீங்க சார்?" என்றார் பாய்.

"போன ஞாயித்துக்கெழம."

பாய் கூண்டுக் கதவைச் சாத்தினார். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து நின்னிருப்பேனே சார். என் கொரல் கேட்டா எறங்கிடும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சாருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் சார் பைக்கை ஓரம் கட்டினார். "ரூல்ஸுன்னு சொன்னேன் இல்ல, அது பொய்யி. நோட்டீஸ பாத்தப்பவே எனக்குத் தெரியும். வளையம் இருக்கக் கூடாதுன்னு தெனமும் வேண்டிக்கினேன்."

மீதி வழி வண்டியை நான் ஓட்டினேன்.

காதர் பாய் பிறகு வேறு ஒரு ஜோடிக் கிளி வாங்கிவிட்டார். "விடுங்க சார், அல்லா பாத்துக்குவான்" என்று அவரே சொல்லிப் பார்த்தார். சார் விடவில்லை. கேமராவை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிறுதோறும் கூண்டும் கொய்யாப்பழமுமாக ஹைவே ஓர மரங்களின் கீழே நின்று, உருது வராத நாக்கில் "ஷெஹ்ஜாதி ஆஜா" என்று கூப்பிடுகிறார். பெண்ணைத் தொலைத்த தகப்பன் என்று நினைத்து லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

நான் இப்போது வாலாஜாபேட்டைப் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறேன். மரத்தில் மஞ்சளாக எது அசைந்தாலும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். "மாங்குயில்" என்று பதில் வரும். அடுத்த வாரமும் அனுப்புவேன். அதற்கும் "மாங்குயில்". எனக்கு மாங்குயிலை நன்றாகத் தெரியும். தன்கூட இன்னொருத்தனும் தேடிக்கொண்டிருக்கிறான் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்தால் போதும்.