வறுமையைப் பார்க்க வந்தவர்கள்

வந்திருந்தோர்: கல்விக்கண் திறப்புக் குழுவின் தலைவர் சேதுபதி (சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை), செயலாளர் தங்கராஜு, பொருளாளர் மருதப்பன். வீட்டார்: துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சிலுவைராஜ், மனைவி அற்புதமேரி, மகள் அருள்ஜோதி. வறுமை: வரவில்லை, காரணமும் தெரிவிக்கவில்லை.

1963-ல் சிங்கப்பூரில் இந்தக் குழுவைப் போல வறுமையை மதித்தவர்கள் எவருமில்லை. நேரில் வந்து பார்த்து, "அசல்" என்று உறுதியான பிறகே உதவித்தொகை. போலி ஏழைகள் பெருகிவிட்ட காலம் அல்லவா?

அருள்ஜோதிக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். சனிக்கிழமை குழு குவீன்ஸ்டவுனில் இருந்த அவள் வீட்டைப் பார்வையிட வந்தது.

"அம்மா, வெறுந்தண்ணி குடு, போதும்" என்று அவள் காலையிலிருந்தே கெஞ்சியிருந்தாள்.

"பெரிய மனுசங்க வீடு தேடி வர்றாங்க. வெறுந்தண்ணியாடி குடுக்குறது?"

எதிர்வீட்டு உம்மு சல்மாவிடமிருந்து நாற்காலிகளும் பூப்போட்ட தட்டுகளும் மேசை விசிறியும் வந்தன. கோழி, கடன் சொல்லி வந்தது.

குழு உட்கார்ந்தது. வறுமையைத் தேடிச் சுற்றிலும் பார்த்தது. கிடைக்காததால் சாப்பிட்டது.

"நாற்காலி நல்லா பலமா இருக்கே" என்றார் சேதுபதி, எலும்பை உறிஞ்சியபடி.

"எதிர்வீட்டு நாற்காலி சார். தட்டும் அவங்களோடதுதான்" என்றாள் அருள்ஜோதி.

"சும்மா இரு பாப்பா" என்று சிலுவைராஜ் சிரித்தார். "எல்லாம் நம்மளுதுங்க ஐயா. பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லுது."

செயலாளர் எழுதிக்கொண்டார்: "நாற்காலிகள், சொந்தம்."

அப்போது உம்மு சல்மா வாசலில் தலையை நீட்டினாள். "அக்கா, எங்க வீட்டுக்கும் ஆளுங்க வந்துட்டாங்க. ரெண்டு நாற்காலி மட்டும் எடுத்துக்கவா?"

அருள்ஜோதிக்கு உயிர் வந்தது. இனி எப்படி மறைப்பார்கள்?

"தாராளமா எடுத்துக்கம்மா!" என்றார் சிலுவைராஜ், நிமிர்ந்து உட்கார்ந்து. "அவசரத்துக்கு நம்ம வீட்லதாங்க ஐயா கேப்பாங்க."

உம்மு சல்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "ரொம்ப உபகாரம்ண்ணே" என்று சொல்லித் தன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்டை வீட்டு மானத்தைக் காப்பதென்றால் இப்படியல்லவா காக்க வேண்டும்!

செயலாளர் எழுதினார்: "தானதர்மமும் உண்டு." பொருளாளர் நின்றபடியே சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

சேதுபதி கை கழுவிவிட்டு அருள்ஜோதியிடம் திரும்பினார். "தங்கச்சி, குடுக்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை. ஆனா ஏழைன்னா அதுக்கு ஒரு லட்சணம் வேணும் லா. இதைப் பார்த்துட்டு எப்படி மனசறிஞ்சு கையெழுத்துப் போடுவேன்?"

"அப்பா, இப்பவாவது உண்மையச் சொல்லுப்பா."

சிலுவைராஜ் மகளைப் பார்க்கவில்லை. "ஐயா, இன்னொரு துண்டு வைக்கச் சொல்லட்டுங்களா?" என்றார்.

வாசலில் பொருளாளர் மருதப்பன் பெருமூச்சு விட்டார். "நிதி சும்மா கெடக்குதும்மா. நெசமாவே கதியத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லு."

"மூணு பேரு இருக்காங்க சார்" என்றாள் அருள்ஜோதி. "மூட்ட தூக்குறவர் வீட்ல வந்து தின்னுட்டு, இப்பதான் செருப்பு மாட்டுறாங்க."

கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.