தேனீப் பாடத்தில் முட்டை

ஐந்தாவது வாரமும் வகுப்புக்குப் போகாமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்த தாக் கியூமினைக் கல்லூரி அலுவலகம் போனில் பிடித்துவிட்டது.

"ஏம்ப்பா, தேனீப் பாடத்துக்கு ஒரு நாள்கூட வரலியே. உடம்பு சரியில்லையா?" என்றார் அலுவலகத்து யோம் மேடம்.

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். எஃப் போட்டுடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்டே, டீன் சொல்வாரே! போன வருஷம் நாற்பத்தோரு பேர் வேணும்னே ஃபெயில் ஆனீங்க. இப்ப புது விதி. வகுப்புக்கு வராத ஆளுக்கு ஒரு வழிகாட்டி மாணவர். அவங்களோட உக்காந்து படிக்கற நேரமும் வருகைதான்."

கியூமின் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். உல்சான் துறைமுகத்தில் இருக்கும் கப்பல் கம்பெனி ஒன்று வசந்த காலத்தில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. படித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். பட்டம் வாங்கிவிட்டால் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. பட்டத்தைத் தள்ளிப்போடும் வசதியைக் கல்லூரி எடுத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே வழி ஒரு பாடத்தில் தோற்பது. அதற்காகவே 'மனிதனும் தேனீயும்' என்ற பாடத்தை எடுத்திருந்தான்.

மறுநாளே வழிகாட்டி வந்துவிட்டாள். பியோன் சேரின். அவளுக்கும் கடைசி வருடம்தான். ராணுவத்தில் கட்டாய சேவை முடித்து வந்த, வயதில் மூத்தவன் என்பதால் இவனை சீனியர் என்றாள்.

"சீனியர், உங்களுக்கு என்ன கிரேடோ அதுதான் எனக்கும். நான் பட்டம் வாங்க இது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். கண்கள் பளபளத்தன.

கியூமினுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கப்பல் கம்பெனி கண்ணெதிரே மிதந்தது.

"எனக்குப் படிப்பு ஏறாது. வேற நல்ல பையனாப் பாத்துக்கோயேன்."

"ஐயோ, நீங்கதான் வேணும்! வகுப்புக்கெல்லாம் போய் அலைய வேணாம். புத்தகமும் வேணாம், அது ஒரே குழப்பம். நானே அட்டையில எழுதித் தர்றேன்."

இப்படி ஒரு நல்ல பெண்ணா என்று கியூமின் உருகிப்போனான். தேர்வில் வெறுந்தாளைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அட்டைகளைப் பைக்குள் திணித்தான்.

நவம்பரில் தேனீப் பாடம் நடத்தும் பேராசிரியர் கூக் அந்த வழியையும் அடைத்தார்.

"ஐம்பது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் சரி, இல்ல தவறு. ஒண்ணை விட்டாலும் மறுநாள் மறுபடி எழுதணும். எல்லாத்தையும் குறிக்கற வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டேன். இதுவும் புது விதிதான்" என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டார்.

கியூமின் கணக்குப் போட்டுப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் பாதி சரியாகிவிடும். பாதி சரியானால் பாஸ். நிச்சயமாக முட்டை வாங்க வேண்டுமானால் ஐம்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு அத்தனையையும் மாற்றிக் குறிக்க வேண்டும்.

ஃபெயில் ஆவதற்காக அவன் படிக்க ஆரம்பித்தான். வாழ்நாளில் அப்படிப் படித்ததில்லை. பல் தேய்க்கும்போது ஒரு அட்டை, பஸ்ஸில் ஒரு அட்டை, ராமியோன் நூடுல்ஸ் கொதிக்கும்போது ஒரு அட்டை.

"ஆண் தேனீக்குக் கொடுக்கு உண்டா?" என்று சேரின் கேட்பாள்.

"உண்டு! குத்தறதே ஆண்தான்!"

"தேனீக்கு எத்தனை கண்ணு?"

"ரெண்டே ரெண்டு!"

"தேன் எடுக்கப் போறது?"

"ராணி! வேலைக்காரத் தேனீ வீட்டோட!"

சேரினின் முகம் நாளுக்கு நாள் வெளிறியது.

"எதுக்கு சீனியர் இப்படிப் படிக்கறீங்க? உடம்பு கெட்டுடப் போகுது. நாளைக்கு லீவு விட்டுக்கலாம்."

"வேணாம். இன்னும் பத்து அட்டை குடு."

அவள் பெருமூச்சோடு எழுதிக் கொடுத்தாள். தன் எதிர்காலத்துக்காக ஒரு பெண்ணின் பட்டத்தைப் பறிக்கிறோமே என்று நினைத்தபடியே அவன் அட்டைகளைப் புரட்டினான். தேர்வுக்கு முந்தின நாள் பனி கொட்டியது. தெருமுனையில் இனிப்புப் பயறு வைத்த மீன் வடிவ ரொட்டி அரை டஜன் வாங்கி அவள் கையில் வைத்தான்.

"சேரின், என்ன நடந்தாலும் என்னை மன்னிச்சிடு."

"நீங்களும் என்னை மன்னிக்கணும் சீனியர்" என்று சொல்லி அவள் மூக்கை உறிஞ்சினாள். எவ்வளவு பெரிய மனசு!

தேர்வு பதினோரு நிமிடத்தில் முடிந்தது. ஐம்பது கேள்வியிலும் அட்டை சரி என்றதைத் தவறு என்றும், தவறு என்றதைச் சரி என்றும் குறித்துவிட்டு விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தான். அன்று மாலையே கப்பல் கம்பெனிக்கு விண்ணப்பம் போய்விட்டது.

முடிவு வந்த அன்று திரையை மூன்று முறை துடைத்துப் பார்த்தான். ஐம்பதுக்கு ஐம்பது. ஏ ப்ளஸ். கீழே சிவப்பு எழுத்தில் 'பட்டம் பெறத் தகுதியானவர். வாழ்த்துகள்!'

செருப்போடு பனியில் ஓடி அலுவலகத்தில் போய் விழுந்தான்.

"மேடம், எங்கயோ தப்பு நடந்திருக்கு! நான் ஐம்பதையும் தப்பாத்தான் போட்டேன். சத்தியமா! இதுக்காக ராப்பகலாப் படிச்சேன் மேடம்!"

யோம் மேடம் பார்லி டீயை உறிஞ்சியபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ ரெண்டாவது ஆளுப்பா. காலையில சேரின்னு ஒரு பொண்ணு, 'எனக்கும் எஃப் கிடைக்கணும்னு காலேஜிலேயே உருப்படாதவனாத் தேடிப் பிடிச்சு, பாடம் முழுசையும் அட்டையில தப்புத் தப்பா எழுதிக் குடுத்தேன், அந்தப் படுபாவி எப்படி மேடம் பாஸானான்'னு இதே இடத்துல நின்னு அழுதுட்டுப் போச்சு."