கறுப்புத் தலைக்காரி

மனைவியை மறுபடியும் டை அடிக்க வைப்பதென்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தபோது, அவர் தலையிலேயே டை காய்ந்துகொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். ஊருக்கெல்லாம் கண் சோதிப்பவர். ஞாயிறுதோறும் தன் தலையைக் காக்கைக் கறுப்பாக்கிக்கொள்வார். நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவியோ, மண்டை அரிக்கிறது என்று டையை நிறுத்தி நாலு மாதமாகிவிட்டது. தலை முழுக்கப் பஞ்சு. போன வாரம் ஒரு வாடிக்கையாளர், "உங்க அக்கா ரொம்ப தன்மையானவங்க சார்" என்று கடைக்கு வந்திருந்த அவளைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"உனக்கென்ன அப்படி வயசாயிடுச்சு? அம்பத்திரண்டுதானே!"

"அதைத்தானே என் தலை சொல்லுது. பொய்யா சொல்லுது?"

"எனக்கும் சேர்த்துல்ல சொல்லுது!"

"அப்படி வாங்க. உங்க மானத்துக்கு என் மண்டை அரிக்கணுமாக்கும்."

வாதத்தில் ஜெயிக்க முடியாதவர் நடிப்பில் இறங்கினார். இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் எதிரே வந்தால் அலறுவது. "ஐயோ! வெள்ளைத் தலையோட ஏதோ… அட, நீயா? பேய்னு நினைச்சுட்டேன்." இரண்டு நாள் அலறினார். அவள் தலையைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள். திட்டம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் குதித்தார்.

அடுத்த நாள் நடையில் காலடி கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினார்.

"என்னங்க ஆச்சு?" குரல் மாடிப்படியிலிருந்து வந்தது. அவள் துணிக்கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ… நடையில வரலையா?"

"மொட்டை மாடியில துணி எடுத்துட்டிருந்தேன். ஏன், யாரைப் பார்த்தீங்க?"

அவர் யாரையும் பார்க்கவில்லை. கேட்டது மட்டும்தான். பொய்யாக அலறியவர் அதை எப்படிச் சொல்வார்?

மறுநாள் மழை கட்டியிருந்தது. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. படுக்கையறையில், பீரோக் கண்ணாடியின் முன்னால், மனைவியின் பச்சைச் சேலையில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். இடுப்பு வரைக்கும் கன்னங்கரேலென்று முடி. அறை முழுக்க ஈர டை வாசனை.

"அப்படி வா வழிக்கு! பத்து வயசு குறைஞ்சுட்டே, போ!"

சீப்பு நின்றது. அவள் திரும்பவில்லை. முடி முகத்தை மறைக்க, குனிந்தபடியே பக்கத்துக் கதவு வழியாகச் சமையலறைக்குப் போனாள்.

"கோவமா? ஒரு வார்த்தை பேசேன்."

பின்னாலேயே போனார். சமையலறையில் யாரும் இல்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வாசலில் குடையை உதறும் சத்தம். நீலச் சேலை, நூலகப் பை, பஞ்சுத் தலை. மனைவி.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அவள் சிரிக்கவில்லை. பீரோ முன்னால் கிடந்த சீப்பை எடுத்து, அதில் சிக்கியிருந்த ஒரு முடியை உருவினாள். நீளம். கறுப்பு.

"இந்த வீட்ல இது யாருதுங்க?"

"தாயே, நீ மட்டும் டை அடிச்சுடாதே! அப்புறம் எது நீ, எது அதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அடிக்கலை. ஆனா அது கறுப்புத் தலையைத் தேடித்தான் வருதுன்னா…" அவள் பார்வை மெதுவாக அவர் நெற்றிக்கு மேலே ஏறி, அங்கேயே நின்றது.

அவர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் உச்சி வெயிலில், கடையில் ஃபிரேம் போட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் துடைத்தார். அதில் அவர் தோளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு தலை நகர்ந்தது. திரும்பினார். கடை காலி. வீட்டுக்கு வந்த கையோடு டை டப்பாக்களைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்.

மாதம் ஒன்று போனது. அவர் தலையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடந்த சண்டையில் வெள்ளை ஜெயித்தது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவிலிருக்கும் மனைவியின் தங்கை வந்தாள். கறுகறுவென்று தலை. கெந்திக் கெந்தி நடை.

"கால்ல என்னம்மா?"

"உங்க கொல்லைச் சுவரை ஏறிக் குதிச்சா சுளுக்காம என்ன பண்ணும் மாமா? டை அடிச்ச ஈரம் காயறதுக்குள்ள, மழைக்கு மாமா சீக்கிரம் வந்துடுவாரு, இந்தா பச்சைச் சேலை, கட்டிக்கோன்னுட்டா அக்கா. முதல் நாள் நடையில சும்மா நடக்கச் சொன்னா. நீங்க போட்ட சத்தத்துல எனக்கே உயிர் போச்சு!"

அக்காவும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்கு அவமானத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அவரும் சிரித்தார்.

"போக்கிரி! அன்னிக்குக் கடைக் கண்ணாடியிலயும் பின்னால வந்து நின்னுட்டு ஓடிட்டியே!"

தங்கையின் சிரிப்பு நின்றது. "கடைக்கா? கால் சுளுக்கி வீட்லல்ல மாமா கிடந்தேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தங்கையைப் பார்த்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் கண்ணாடி பார்ப்பதில்லை. தலை வாருவதுகூட மனைவிதான்.

"குனிங்க" என்பாள். குனிவார்.