ஆல்பம் அண்ணாச்சியின் கை

அருப்புக்கோட்டையில் ஒரு மனிதனை உயிரோடு இருக்கும்போது சிரிக்க வைப்பதே பெரும்பாடு. வெயில் அப்படி. செத்தவனையும் சிரிக்க வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஆல்பம் அண்ணாச்சி.

எப்படி என்று சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. முழங்கால் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. அவசரமாகச் சொல்லி எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன்?

அண்ணாச்சிக்குப் பந்தல்குடி போகிற ரோட்டில் ஹார்டுவேர் கடை. குழாய், ஆணி, பெயிண்ட் எல்லாம் உண்டு. வீட்டில் அவர் ஒருவர்தான். தங்கச்சிமார் மூன்று பேரைக் கட்டிக் கொடுத்து நிமிர்ந்தபோது தலை நரைத்துவிட்டது. "இனிமே எவ சார் வருவா" என்று அத்தோடு விட்டுவிட்டார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பழக்கங்கள் வைத்திருந்தார். முதலாவது, ராட்டினமும் நீர்ச்சறுக்கும் உள்ள பார்க் எங்கே இருந்தாலும் வேன் பிடித்துப் போவது. இரண்டாவது, போய் வந்ததைக் கல்யாண ஆல்பம் மாதிரி கெட்டி அட்டை போட்டு, வழவழ தாளில் புத்தகமாக அச்சடிப்பது. குடியும் சீட்டுமாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

நான் சிக்கியது ஒரு குழாய் வாஷரால். வாங்கப் போன இடத்தில் கேட்டார்:

"சார், சனிக்கெழம சும்மாத்தான இருக்கீக?"

சட்டென்று ஒரு பொய் வரவில்லை. நாற்பது வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன், ஒரு பொய்க்குத் தடுமாறினேன் பாருங்கள். சனிக்கிழமை காலை காரியாபட்டி தாண்டும்போது வேனின் கடைசி சீட்டில் பாலிதீன் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

பார்க்கில் அண்ணாச்சி வேறு ஆள். கடையில் ஆணி நிறுக்கும்போது வாய் திறக்காத மனிதர், ரோலர் கோஸ்டர் உச்சியில் "ஏலே, நம்ம ஊரு தெரியுதுலே!" என்று கத்துவார். தெரியாது. மதுரையே தெரியாது. பிறகு எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கேமராவில் கோணம் பார்த்து, அதை வேன் டிரைவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து நடுவில் நுழைந்து, பக்கத்து ஆள் தோளில் கையைப் போடுவார். அந்தக் கையில் ஒரு நவரத்தின மோதிரம். அது வெயிலில் மின்னும்.

புத்தகம் சிவகாசியிலிருந்து வந்துவிட்டால் வீடு வீடாக அவரே கொண்டுவருவார். பக்கத்தை நாம் புரட்டக் கூடாது, அவர்தான் புரட்டுவார். கடைசிப் பக்கம் வரும்வரை எழுந்திருக்கவும் கூடாது. என் வீட்டில் ஒருமுறை குக்கர் ஆறு விசில் அடித்தும் என் மனைவியை அவர் விடவில்லை. "இருங்கக்கா, அன்னப்பறவ பக்கம் இன்னும் வரல" என்றார். கல்யாண ஆல்பத்துக்கான அலங்காரம் எல்லாமே அதில் இருக்கும். இதய வடிவச் சட்டத்துக்குள் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பேன். பின்னால் நீர்வீழ்ச்சி, மேலே ரோஜாப்பூ. கீழே அண்ணாச்சி சொந்தமாக எழுதிய வாசகம்: "சாருக்கு சந்தோஷம் தாங்கவில்லை."

வம்பு ஆரம்பித்தது மாரிச்சாமியால். ஓய்வு பெற்ற லாரி டிரைவர், எழுபத்தெட்டு வயது. சுற்றுகிற ராட்டினத்தில் இருந்து இறங்கி, முடி சிலிர்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்த படம் ஒன்று புத்தகத்தில் இருந்தது. அதன் மேலேயே "உசுரு போயிருச்சு!" என்று மஞ்சள் எழுத்தில் அண்ணாச்சி போட்டிருந்தார். நாலு மாதத்தில் நிஜமாகவே போய்விட்டது.

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கப் படம் தேடினால் வீட்டில் ஆதார் கார்டு மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படத்தைப் போட்டால் போலீஸ் தேடுகிறது என்று நினைப்பார்கள். மகன் அண்ணாச்சியிடம் ஓடினான், அவர் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தார். பிளெக்ஸ் கடைக்காரன் அவசரத்தில் பக்கத்து ஆட்களை வெட்டினான், அன்னப்பறவையை வெட்டினான். எழுத்தை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு முன்னால் ஏழடி உயரத்தில் மாரிச்சாமி வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். "உசுரு போயிருச்சு!" என்றும் இருக்கிறது. தோளில் மோதிரம் போட்ட ஒரு கை வேறு. உடம்பு இல்லாத கை.

மாலை வாங்கி வந்தவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்து டயர் கடைக்காரர் ஒருவர் போனார். அவருக்கும் அண்ணாச்சி புத்தகத்துப் படம்தான். தோளில் அதே கை. பிறகு ஒரு கண்டக்டர். அங்கேயும் கை. மூன்று பேருக்கும் எழுபத்தைந்து தாண்டியிருந்தது. இருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு நெஞ்சில் கோளாறு. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? டீக்கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"அந்தக் கை எவன் தோள்ல விழுதோ அவன் அவுட்டு."

"புக்குல ஏறுனா போஸ்டர்ல ஏறிருவலே, பாத்துக்க."

அதன் பிறகு அண்ணாச்சி டீக்கடைக்கு வந்தால் பெஞ்சு காலியாகும். பழக்க தோஷத்தில் யார் தோளிலாவது கை வைக்கப் போவார். அந்த ஆள் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொள்வான். என் மனைவியே ஒருநாள், "அவுக வந்தா தோள்ல துண்டப் போட்டுக்கங்க, கை நேரா படாது" என்றாள். துண்டு தடுக்கிற எமன் என்ன எமனோ.

அடுத்த பார்க் பயணத்துக்கு இருபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை வேன் வந்து நின்றது. ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு, ஒருவன் வீட்டில் விசேஷம். நரிக்குடியில் இருந்து வரவேண்டியவன் போனையே எடுக்கவில்லை. நான் மட்டும் போய் நின்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். சாவு வந்தால் முழங்கால் வலியாவது தீரும் என்ற அலுப்புதான்.

இருபது பேர் வேனில் இரண்டு பேர் போனோம். பார்க்கில் அண்ணாச்சி எதிலும் ஏறவில்லை, கேமராவை உறையைவிட்டே எடுக்கவில்லை. ராட்டினத்துக்குக் கீழே சிமெண்ட் பெஞ்சில் இருவரும் பொரி தின்றோம். எனக்கு அது பரம சுகமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"எடுக்கலியா அண்ணாச்சி?"

"ஆளு இல்லாம என்னத்த எடுக்க?" என்றார். பொரியைக் கையில் அள்ளிக்கொண்டு, "வீட்டுக்குப் போனா செவரப் பாத்துத்தான் சார் பேசணும். அந்தப் புக்க விரிச்சா நாலு பேரு வந்து உக்காந்த மாதிரி இருக்கும். இனிமே எவன் வருவான்? விட்ற வேண்டியதுதான்" என்றார்.

பொரிப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அந்த வாரமே அண்ணாச்சி கடைக்கு வந்தார் கறிக்கடை சுப்பையா. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். எழுபத்திரண்டு வயது. தெருவில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாலே எடை சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நம்பிவிடுவோம். கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எப்பய்யா வேன் போவுது?"

அண்ணாச்சி பதறிப்போனார். "நமக்கு எதுக்கு மாமா அதெல்லாம்? ஊருல என்னென்னமோ பேசுறாக."

"பேசட்டும். நான் என்ன ஆயிரம் வருசமா இருக்கப் போறேன்? ஆதார்ல ஆடு திருடுனவன் மாதிரி இருக்கேன்யா. அதப் பெருசாக்கி பஸ் ஸ்டாண்டுல வச்சா எம் பொண்டாட்டியே அடையாளம் சொல்ல மாட்டா. மாரிச்சாமியப் பாரு, செத்தும் மாப்பிள்ள கணக்கா நின்னான். எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு எடு. அந்தக் கையையும் போடு. சும்மா தனியா நிக்கிறதுக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல."

கறிக்கடை சுப்பையாவே போகிறார் என்றதும் ஊரில் எழுபது தாண்டியவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவரவர் வீட்டிலும் ஆதார் கார்டுதான். ஒரு வாரத்தில் வேன் நிரம்பியது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார், தறிக்காரக் கிழவர் ஒருவர் பேண்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். தைலத்தின் வாசம் காரியாபட்டி வரை மூக்கை அடைத்தது. பார்க் வாசலில் டிக்கெட் கொடுத்த பெண், "முதியோர் இல்லமா சார்?" என்று கேட்டாள். "இல்லம்மா, போட்டோ எடுக்க வந்திருக்கோம்" என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

எல்லோரும் சிரித்தார்கள், சுப்பையாவைத் தவிர. ராட்டினத்தில் முறைத்தார். ரோலர் கோஸ்டரில் ரோலர் கோஸ்டரையே முறைத்தார். அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. "மாமா, கொஞ்சம் பல்லக் காட்டுங்க." காட்டினார். நாங்கள் இரண்டடி பின்வாங்கினோம்.

கடைசியாக நீர்ச்சறுக்கு. என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். உருண்டு புரண்டு வந்து தண்ணீரில் விழுந்த வேகத்தில் என் பல் செட்டு வாயை விட்டுத் துள்ளி, பின்னாலேயே சறுக்கி வந்த சுப்பையாவின் மடியில் போய் விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார். பார்த்தார். பிறகு என் பொக்கை வாயைப் பார்த்தார். எழுபத்திரண்டு வருடம் சேர்த்து வைத்த சிரிப்பு ஒரே மூச்சில் வெளியே வந்தது. தண்ணீருக்குள் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி கேமராவை டிரைவரிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு வேட்டியோடு குதித்து, அவர் தோளில் கையைப் போட்டார்.

படம் பிரமாதம். ஓரத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைத்தான் வெட்டியிருக்கலாம்.

சுப்பையா இன்றைக்கும் இருக்கிறார். கறிக்கடையில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அன்று வந்த கிழடுகள் யாரும் போகவில்லை. போஸ்டருக்குப் படம் தயார் என்ற நிம்மதியிலேயே உடம்பு தேறியிருக்குமோ என்னவோ. டீக்கடையில் இப்போது அண்ணாச்சி கையை நீட்டினால் தோளை நீட்டுகிறார்கள்.

போன வாரம் புதுப் புத்தகம் வந்தது. என் வீட்டில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சார், எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா போஸ்டருக்குப் படத்துக்குப் பஞ்சமில்ல. கீழ 'இவண், குடும்பத்தார்'னு போடுவாகள்ல? அங்க யாரு பேரப் போடுறதுன்னுதான் தெரியல. தங்கச்சிமாரு வெளியூருல இருக்காக. வந்து சேருறதுக்குள்ள..." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், எம்பேருக்கு என்ன கொறச்சல்? போட்டுத் தொலைக்கிறேன். அதுக்குன்னு அவசரப்படாதீக. நீங்க போயிட்டா இந்த ஊருல நான் யாரத் திட்டிக்கிட்டு இருப்பேன்?"

அண்ணாச்சி தாளில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப வர்ற சனிக்கெழம வாரீகள்ல சார்?"

முழங்கால், ரத்த அழுத்தம், மனைவி சொல்லியிருந்த ரேஷன் கடை வேலை எல்லாம் வாய்வரை வந்தன.

"வாரேன்" என்றேன். குடும்பத்தார் வேறென்ன சொல்ல முடியும்?