பிரெஞ்சு ரெக்கார்டுக்கு ஏழரை மார்க்

"இதுக்கு எவ்வளவு?" என்று சமையலறையிலிருந்து சௌந்தரவல்லி கேட்டாள்.

"எட்டு," என்றார் சோமசேகரன்.

"இதுக்கு முன்னாடி ஓடினதுக்கு?"

"அதுக்கும் எட்டுதான். ஆனா அது வேற எட்டு."

"அஞ்சுக்குக் கீழே ஒண்ணாவது வந்துச்சா, இல்லையா?"

சோமசேகரன் காதில் விழாதவர் போல ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார். இரண்டு நாளாகப் போட்டுக் கேட்கிறார். ஒரு தட்டு கூட ஃபெயில் ஆகவில்லை. மார்க் குறைக்க மனம் வந்தால்தானே.

விஷயம் இதுதான். நடைப்பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் சொன்னதும், சென்னையில் இருக்கும் மகள் பிரதீபா அம்மாவுக்கு ஒரு டிரெட்மில் வாங்கி அனுப்பிவிட்டாள். அது அட்டைப்பெட்டியோடு ஹாலின் நட்டநடுவில் நின்றது. அதன்மேல் துண்டு காய்ந்தது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் சோமசேகரனின் ரெக்கார்டு அலமாரி உட்கார்ந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை பிரதீபா வரா. அதுக்குள்ள பாதியைக் கழிச்சுட்டு, மீதியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுங்க. மாடியில ஏற்கெனவே உங்க புஸ்தகம் அடைச்சுக் கெடக்கு. இல்லேன்னா மொத்தத்தையும் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடுவேன்," என்று சௌந்தரவல்லி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்துவிடுவாள். கல்யாணத்துக்கு அவர் ஆசையாகத் தைத்த கோட்டு இப்படித்தான் போனது.

அதனால்தான் இந்தப் பரீட்சை. எல்லா ரெக்கார்டையும் மறுபடி கேட்டு, பத்துக்கு மார்க் போட்டு, உறையில் சீட்டு ஒட்டுவது. ஐந்துக்குக் குறைந்தால் வெளியே.

அலமாரியில் சினிமாப் பாட்டு கொஞ்சம், நாதஸ்வரம் கொஞ்சம். மற்றதெல்லாம் பிரெஞ்சு. காரைக்கால் கோவில்பத்தில் பக்கத்து வீட்டில் இருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், பாரிசில் இருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்தபோது கொடுத்துவிட்டுப் போனவை. சோமசேகரனுக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. மார்க் போடுவதற்கு அது ஒரு தடையாக அவருக்குத் தோன்றவில்லை.

"இந்தம்மா ஏதோ வருத்தத்துல இருக்காங்க," என்றார், ஊசியை வைத்துவிட்டு. "ஆனா சுருதி விலகல. எட்டரை."

"என்ன வருத்தமாம்?"

"அது தெரிஞ்சிருந்தா ஒன்பது போட்டிருப்பேன்."

சௌந்தரவல்லி கரண்டியோடு வாசலுக்கு வந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே கொல்லைப் பக்கம் போனாள். மீன்காரி வந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் மீரா சாகிப்பைப் பார்த்தார் சோமசேகரன். துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஊரில் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

"என்ன சோமு சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்?"

"வீட்டுல பழைய பிரெஞ்சு ரெக்கார்டு நிறையக் கெடக்குது பாய். ஒண்ணொண்ணா எடுத்து மார்க் போட்டுக்கிட்டு இருக்கேன். தேறாததைத் தூக்கிடப் போறேன்."

மறுநாள் காலையில் நெடுங்காடு கிராமத்திலிருந்து ஒருவர் ஒரு பெரிய பரங்கிக்காயோடு வந்து வாசலில் நின்றார்.

"ஐயா, நான் இளையபெருமாளுங்க. நெல்லு வெவசாயம். பழைய பிரெஞ்சு ரெக்கார்டெல்லாம் உங்ககிட்டதான் இருக்குதாமே?"

சோமசேகரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவருடைய ரெக்கார்டைத் தேடி ஒரு ஆள் வந்ததில்லை. "வாங்க, உட்காருங்க. நீங்களும் இதுல ஈடுபாடு உள்ளவரா?"

"எங்க பாட்டன் காலத்துலேருந்தே ஈடுபாடுதானுங்க." இளையபெருமாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "தேறாததைத் தூக்கிடப் போறீங்களாமே. எங்க பாட்டன் தேறுவாருங்களா?"

"அவர் பேரு?"

"வீராசாமிங்க."

"பிரெஞ்சுல பாடியிருக்காரா?"

"பாடுவாருங்க. நாத்து நடவுல."

இப்படி ஒரு பாடகரைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று சோமசேகரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குள் இளையபெருமாள் ஒரு தட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் இருந்த லேபிளை விரலால் தடவினார்.

"நம்பர் போட்டிருக்குதுங்களே. மேட் இன் பிரான்ஸ்னும் இருக்கு."

"ஆமா, அங்கே தயாரானது."

"எங்க பாட்டன் பொறந்தது வெள்ளக்காரன் ஆட்சியிலங்க. அப்ப அவரும் மேட் இன் பிரான்ஸ்தானுங்களே."

அப்போதுதான் சோமசேகரனுக்கு உறைத்தது. காரைக்காலில் பிரெஞ்சு ரெக்கார்டு என்றால் ஒன்றே ஒன்றுதான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவு. அதில் பாட்டன் பெயர் கிடைத்துவிட்டால் பேரனுக்குப் பிரான்ஸ் பாஸ்போர்ட்டே கிடைத்துவிடும் என்று பாதி ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, சோமசேகரன் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஐயா, இது பாட்டு ரெக்கார்டு. சங்கீதம்," என்றார் பதறிப்போய்.

இளையபெருமாள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளியில அப்படித்தான் சொல்லணும். எனக்குப் புரியுதுங்க." பரங்கிக்காயை வைத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்குள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. கூட்டத்துக்கு முன்னால் சஃபியா நின்றாள். இரண்டு தெரு தள்ளி வீடு. புருஷன் குவைத்தில்.

"சார், எங்க மாமனாரோட அத்தா கப்பல்ல போய் வந்தவங்க. அவங்க பேரு உங்க ரெக்கார்டுல கண்டிப்பா இருக்கும். எம் மவனுக்கு ஒரு வழி பண்ணுங்க, உங்களுக்கு துஆ செய்யுறோம்."

"அம்மா, இதுல பேரெல்லாம் இல்ல. பாட்டுதான் இருக்கு."

"நீங்க எதுக்கு நிக்குறீங்க, உட்காருங்க. ஐயா நிதானமாப் பார்த்துச் சொல்லுவாங்க," என்று சௌந்தரவல்லி எல்லாருக்கும் பாய் விரித்து டீ கொடுத்தாள். அவள் பொறுமையைப் பார்த்து சோமசேகரனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சொன்னால்தானே நம்பமாட்டார்கள், போட்டே காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தார். வருத்தத்தில் இருக்கும் அம்மாவை எடுத்து வைத்து, ஊசியை இறக்கினார். பாதித் தட்டு ஓடுவதற்குள் இரண்டு பேர் கைகூப்பிவிட்டார்கள். சஃபியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"கேட்டீங்களா? பாட்டு," என்றார் சோமசேகரன்.

"குரலாலேயே பதிஞ்சு வச்சிருக்கான் பாருங்க வெள்ளக்காரன்," என்றார் ஒருவர்.

"அந்தம்மா வரிசையா பேரு வாசிக்குறாங்க," என்றார் இன்னொருவர்.

மறுபடி வந்து உட்கார்ந்திருந்த இளையபெருமாள் துள்ளி எழுந்தார். "ஐயா, கொஞ்சம் பின்னாடி விடுங்க. 'பெருமா'ன்னு ஒரு எடத்துல வருது. எங்க வீட்டுப் பேரு."

அந்த இடத்தை அவர் மூன்று தடவை போட வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை சோமசேகரனுக்கே 'பெருமா' என்று கேட்டது. அதுதான் அவரை ரொம்பக் கலக்கியது.

வியாழக்கிழமை வாசலில் அட்டை எழுதி மாட்டினார்: "இங்கு பாட்டு ரெக்கார்டுகள் மட்டுமே உள்ளன. வேறு எந்த ரெக்கார்டும் இல்லை." கூட்டம் இரண்டு மடங்காகியது. ஒன்றுமில்லாத வீட்டில் எவனாவது அட்டை மாட்டுவானா என்று பேசிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வீட்டை அடையாளம் கண்டுபிடிக்கவும் அட்டை வசதியாகப் போயிற்று.

இனி மீரா சாகிப்தான் கதி என்று ஆளனுப்பினார்.

"உங்ககிட்ட சொன்னதாலதான் பாய் இத்தனையும்."

"அல்லா மேல ஆணையா நான் யார்கிட்டயும் மூச்சு விடல சோமு சார்."

சோமசேகரன் அதை நம்பவில்லை. ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடாமல் எப்படி இருப்பார். ஆனாலும் சண்டை போட நேரமில்லை. ஒரு நாதஸ்வர ரெக்கார்டை அவர் கையில் கொடுத்து, "இதைக் காட்டி நீங்க சொன்னா கேப்பாங்க," என்று வாசலுக்கு அனுப்பினார்.

மீரா சாகிப் தட்டை உயர்த்திப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். "பாருங்க, இது வெறும் பாட்டுத் தட்டு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"உங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கிட்டீங்க, எங்களுக்கு மட்டும் பாட்டா பாய்?" என்றது கூட்டம்.

அதுவரை பெயர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு ஆளுக்கொரு ரெக்கார்டைத் தங்களுடையது என்று எடுத்து வைத்துக்கொண்டு அதையே கேட்க ஆரம்பித்தார்கள். போதாததற்கு, உறையில் ஒட்டியிருந்த சீட்டு சஃபியாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"அந்த நெடுங்காட்டுக்காரங்களுக்கு ஒன்பது. எங்களுக்கு மட்டும் ஏழரையா? எங்க வீட்டு மனுஷங்க ஏழரைக்கா போயிட்டாங்க?"

"அம்மா, அது வயலின் கொஞ்சம் இழுத்துச்சுன்னு கொறச்சேன்."

"எங்க குடும்பத்துல யாரும் எதையும் இழுத்ததில்ல சார். நேர்மையா சம்பாரிச்சவங்க."

சோமசேகரன் பேனாவை எடுத்து ஏழரையை ஒன்பதரை ஆக்கினார். அடுத்து நின்றவர் தன்னுடையதை நீட்டினார். மத்தியானத்துக்குள் அலமாரியில் ஒன்பதுக்குக் கீழே ஒரு ரெக்கார்டு இல்லை. அவர் வாழ்நாள் ரசனை முழுவதும் ஒரே வரிசையில் சமமாக நின்றது. அழுகைதான் வரவில்லை.

சௌந்தரவல்லிதான் அவரைத் தனியே அறைக்குள் அழைத்துப் போய் மோர் கொடுத்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? ஆளுக்கு ஒண்ணா கையில குடுத்துடுங்க."

"என்னது?"

"இரவல்தான். பாண்டிச்சேரியில பிரெஞ்சு ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டுவாங்க. அங்க இருக்கறவங்களே இது பாட்டுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் அவங்களாவே திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க. நீங்க சொன்னா நம்பாதவங்க, படிச்சவங்க சொன்னா நம்புவாங்கல்ல."

இத்தனை குழப்பத்தில் இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக யோசிக்க முடிகிறது என்று சோமசேகரன் வியந்தார். வாசலுக்கு வந்து கொடுக்க ஆரம்பித்தார். பிரெஞ்சுத் தட்டுகள் முதலில் போயின. அவை தீர்ந்ததும் சினிமாப் பாட்டு போயிற்று. அதற்கப்புறம் நாதஸ்வரம். கடைசியாக வந்தவருக்கு வெறும் உறைதான் கிடைத்தது. அதில் பத்து மார்க் இருந்ததால் அவர் அதிலேயே திருப்தியாகிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. விசாரித்தபோது இளையபெருமாள் சுவரைக் காட்டினார். முதல் நாள் அவர் லேபிளைத் தடவிப் பார்த்த அதே தட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தார்கள். "காயிதம் கெடைக்காட்டியும் போவுதுங்க. பாட்டனோட போட்டோன்னு ஒண்ணும் இல்ல, இதாவது இருக்கட்டும்," என்றார். அதற்கு மேல் எப்படித் திருப்பிக் கேட்பது. சோமசேகரனும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

மிஞ்சியது ஒன்றுதான். பிளேயரின் மேலேயே இருந்துவிட்ட, வருத்தத்தில் இருக்கும் அம்மாவின் ரெக்கார்டு. சனிக்கிழமை அதைப் போட்டுக் கேட்டார். காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று இப்போது நன்றாகவே புரிந்தது. சீட்டில் ஒன்பது என்று திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரதீபா வருவதற்கு முன்பே அலமாரி வெளியேறிவிட்டது. அந்த இடத்தில் டிரெட்மில் கச்சிதமாக உட்கார்ந்தது. சௌந்தரவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் நடந்தாள். சோமசேகரன் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். படிக்க ஓடவில்லை.

"எல்லாம் என் வாயாலதான் வந்துச்சு வல்லி. கடைத்தெருவுல அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உனக்கும் மூணு நாளா டீ போட்டே இடுப்பு ஒடிஞ்சிருக்கும்."

"அதை விடுங்க. போனது போவட்டும். மனசைத் தேத்திக்குங்க," என்றாள் சௌந்தரவல்லி, நடையை நிறுத்தாமல். இவ்வளவு இதமாக அவள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. இவளைப் போய் ஊரில் கறார்க்காரி என்கிறார்களே என்று சோமசேகரனுக்குக் கண் கலங்கியது. பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொல்லைக் கதவு திறந்தது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் லோகாம்பாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள். டிரெட்மில் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி, பேப்பருக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் சொன்னாள்:

"யக்கா, நீ சொன்னாப்புலயே 'பாட்டு'ங்கற வார்த்தையை மட்டும் விட்டுட்டு, ஐயா வீட்டுல பிரெஞ்சு ரெக்கார்டு இருக்குன்னு தெருத்தெருவாச் சொல்லிட்டேன், மாடியில கெடக்குற அவுங்க பொஸ்தவத்துக்கெல்லாம் என்னன்னு சொல்லணும்?"