ஏழு நிலைக் கோபுரமும் என் தேயிலைப் பெட்டிகளும்

சூரியநெல்லி,
12-5-1974

மதிப்பிற்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு, இங்குள்ள எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கராக இருக்கும் பெரியமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே மழையும் அட்டையும் சௌக்கியம். தங்கள் சௌக்கியம் அறிய ஆவல். தங்கள் தொடர்கதை ஆசிரியரின் சௌக்கியத்தை நேரில் வந்துதான் விசாரிக்க வேண்டும்.

பதினான்காம் வாரத்தில் சோழ இளவரசன் ஏழு நிலைக் கோபுரத்திலிருந்து குதிக்கிறான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதய்யா ஏழு நிலை? அப்போதெல்லாம் கருவறை மேலிருக்கும் விமானம்தான் உயரம், வாசல் கோபுரம் குட்டை. தஞ்சாவூரில் கழுத்து வலிக்கப் பார்த்தவன் நான். இந்தக் கதையைத்தான் மாரியம்மன் திருவிழாவில் எங்கள் ஆட்கள் நாடகமாகப் போட்டார்கள். சரித்திரம் பிசகக் கூடாதென்று ஃபாக்டரியின் காலித் தேயிலைப் பெட்டிகள் அத்தனையையும் நானே அடுக்கி, காவியும் சுண்ணாம்பும் அடித்து, விமானத்தை உயர்த்திக் கோபுரத்தைக் குறைத்தேன். இளவரசனாக வந்த மொக்கையன் ஆறடி ஆள். கோபுரம் அவன் முழங்காலுக்குத்தான் வந்தது. மேலே உட்கார்ந்தான். "ஐயோ, குதிக்காதீர்கள்!" என்று இளவரசி அலற, "எங்கிட்டுக் குதிக்க? காலு தரையிலதான கெடக்கு!" என்று சொல்லிவிட்டான் பாவி. சனம் உருண்டு புரண்டு சிரித்தது.

அதுகூடப் போகட்டும். அந்த நேரம் பார்த்து அம்மன் சப்பரம் வந்தது. வழியில் எந்தக் கோயிலைக் கண்டாலும் சப்பரத்தை நிறுத்தி ஆரத்தி காட்டுவது எங்கள் வழக்கம். பூசாரி பொன்ராஜ் என் விமானத்தை அண்ணாந்து பார்த்தார், சூடம் ஏற்றினார், தேங்காயும் உடைத்தார். நானும் பெருமையில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கேதான் கெட்டேன். மறுநாள் பெட்டிகளைப் பிரிக்கப் போனால், "ஆரத்தி காட்டுன கோயிலு! கை வச்சா கை வெளங்காது!" என்று பூசாரி குறுக்கே படுத்துவிட்டார். உள்ளே யாரோ ஒரு கல்லை வேறு நட்டு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். ஃபாக்டரியிலோ தேயிலை தரையில் மலையாகக் கிடக்கிறது. மாதக் கடைசிக்குள் பெட்டி வராவிட்டால் வேலைக்கே வர வேண்டாமென்று துரை சொல்லிவிட்டார். "கோயிலு கட்டுனீகள்ல, அங்கனயே போயி வேல கேளுங்க" என்கிறாள் என் மனைவி அழகுத்தாய். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

ஆகவே ஏழு நிலை தவறு என்று உடனே அச்சிட்டு வருத்தம் தெரிவிக்கவும். சரித்திரத்தில் ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. தங்கள் ஏடும் அச்சகமும் தழைக்க மாரியம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
சரித்திரத்தின் ஊழியன்,
பெரியமுத்து

பி.கு.: பூசாரிக்குத் தங்கள் தொடர்கதைதான் வேதம். அதனால் அடுத்த வாரமே இளவரசன் ஆரத்தி காட்டிய கோயிலொன்றைப் பிரித்து, சாமான்களை உரியவரிடம் சேர்த்ததாகவும், அதைக் கண்டு அம்மன் குளிர்ந்துபோனதாகவும் ஓர் அத்தியாயம் எழுதச் சொல்லவும். அப்படியொரு வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது, எனக்குத் தெரியும். கோபுரம் வேண்டுமானால் பதினோரு நிலையாகவே இருக்கட்டும்.