பிரம்மச்சாரிகள் வைத்த நலங்கு

அழகாக வேண்டும் என்ற ஆசை பெண்களுக்குத்தான் அதிகம் என்று எழுதுகிறவர்கள், கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். கைக்கண்ணாடியில், நாள் முழுக்க.

அப்போது நான் பினாங்கில் ஒரு அரிசிக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. சூலியா தெருவுக்குப் பின்னால் பிரம்மச்சாரிகள் பலர் சேர்ந்து குடியிருந்த வீட்டில் வாசம். நாகப்பட்டினத்திலிருந்து கமலமும் அவள் அப்பாவும் கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். வந்த வாரமே கல்யாணம். அவள் என்னைப் பார்த்தது போட்டோவில்தான். அதில் என் பருத்தழும்புகளை ஸ்டுடியோக்காரர் பென்சிலால் மறைத்திருந்தார். (நேரில் பார்த்து, "இவரா அவர்?" என்று கேட்டுவிட்டால்?)

"மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கணும்லா," என்றான் அறைத்தோழன் ரத்தினம்.

நலங்கு வைக்க வேண்டிய அத்தையும் அக்காவும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சரி, நாமே வைத்துக்கொள்வோம் என்று மருந்துக்கடைக்குப் போனோம். கஸ்தூரி மஞ்சளும் வெட்டிவேரும் கிடைத்தன. பூலாங்கிழங்கு தீர்ந்துபோயிருந்தது.

"அப்ப கொடிவேலி வேர் குடுங்கண்ணே," என்றான் ரத்தினம்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "அது எதுக்குத் தம்பி?"

ஆம்பிளைகள் கூடி நலங்கு மாவு அரைக்கிறோம் என்று சொல்ல எனக்கு வெட்கம். "முட்டி வலிக்கு எண்ணெய் காய்ச்ச," என்று அளந்துவிட்டேன்.

"எங்க மாமா தேமலையே ஓட்டுன வேருடா. உன் தழும்பு எம்மாத்திரம்?" என்றான் ரத்தினம் வெளியே வந்து. (மாமாவுக்கு வைத்தியர் அந்த வேரை நஞ்சு போகச் சுத்தி செய்து, துளியூண்டு தொட்டுவைத்தார் என்பது அவனுக்கே தெரியாது.)

சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, என்னை உட்காரவைத்து, ஆளாளுக்கு அள்ளிக் கன்னத்தில் இழுத்தார்கள். எரிகிறது என்றேன்.

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

விடிந்து பார்த்தால் முகமெல்லாம் அப்பளம் பொரிந்ததுபோல் கொப்புளம். கப்பலும் வந்துவிட்டது. போகாவிட்டால் பெண் வீட்டார் தவித்துப்போவார்கள். போனால் என்னைப் பார்த்துவிடுவார்கள். வீட்டுக் கூட்டாளிகள் பின்னால் வர, துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன்.

கப்பலில் வந்தவர்களுக்கு அம்மை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என் முக்காட்டைப் பார்த்தார். வந்து துண்டை விலக்கினார்.

"பெரியம்மை! யாரும் கிட்ட வராதீங்க! படகைக் கூப்பிடு, இந்த ஆளைத் தீவுக்கு அனுப்பணும்!"

கடல் தாண்டி வந்தவர்களெல்லாம் ஊருக்குள் போக, கரையிலேயே இருந்தவனை நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் தீவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ரத்தினம், "ஐயா, மாப்பிள்ளை இவருதாங்க!" என்று கூவினான்.

கமலத்தின் அப்பா அப்படியே பின்வாங்கினார். "இந்தச் சம்பந்தம் வேண்டாம். கப்பல் சிங்கப்பூர் போயிட்டுத் திரும்புறப்ப ஏறிடுவோம். வாம்மா."

எனக்கு அவமானம்கூட இல்லை, பயம். அவள் போய்விடுவாள் என்ற பயம்.

அவள் போகவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "அப்பா, அம்மை எங்கேயாவது விரலால இழுத்தாப்ல வருமா? கன்னத்துல தடம் பாருங்க." பிறகு என்னிடம், "என்னத்தைப் பூசினீங்க?"

"நலங்கு," என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"யாரு வச்சா?" என்றார் அவள் அப்பா.

பின்னால் நின்ற மீசைக்காரர்களைக் காட்டினேன். அவர் தன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டிரஸ்ஸர் சட்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே ஒரு கொப்புளமும் இல்லை. திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

கல்யாணம் நடந்தது. கொப்புளம் வடிந்து, தடம் மட்டும் கறுத்து நின்றது. எங்கள் கல்யாணப் போட்டோவில் என் இடது கன்னத்தில் நாலு விரல் பளிச்சென்று பதிந்திருக்கிறது.

"கல்யாணத்தன்னிக்கே கை நீட்டிட்டீங்களாக்கா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. நான் வேரைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் கமலம் முந்திக்கொள்வாள்.

"கப்பல்ல வந்த அலுப்பு. கொஞ்சம் ஓங்கிப் பட்டுடுச்சு."

பிள்ளைகள் உட்பட எல்லாரும் அதைத்தான் நம்புகிறார்கள்.